சுஃப்ரென்: சோழமண்டலக் கடலிலிருந்து காவியத்துக்குச் சென்ற ஒரு குடும்பப் பெயர்

பிரெஞ்சுக் கடற்படை வரலாற்றில் சுஃப்ரென் என்னும் குடும்பப் பெயர் உயர்ந்த இடத்தில் இருக்கிறது. அதற்கு அடிப்படையான ஐந்து போர்கள் 1782, 1783 ஆண்டுகளில் தமிழகக் கரையோரத்திலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் நடந்தவை. அவற்றில் இரு தரப்பிலும் ஒரு பெரும் போர்க்கப்பல்கூடப் பறிபோகவில்லை. பின் எதனால் அப்பெயர் நிலைத்தது? தளபதியின் போர்முறையும் அவரோடு கடலில் கிடந்த மாலுமிகளின் நினைவுமே காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

பியேர் ஆந்த்ரே தெ சுஃப்ரென் 1729இல் தென் பிரான்சின் ப்ரொவான்ஸ் பகுதியில் பிறந்தவர். பிரெஞ்சுக் கடற்படையிலும் மால்டா வீரர் சபையிலும் பணியாற்றியவர். ஆங்கிலத் தளபதி எட்வர்டு ஹியூஸை அவர் 1782இல் சதுரங்கப்பட்டினம், இலங்கையின் ப்ராவிடியன், நாகப்பட்டினம், திருகோணமலை ஆகிய இடங்களிலும் 1783இல் கடலூரிலும் எதிர்கொண்டார். இரு கப்பல் வரிசைகளும் இணையாக நின்று சுட்டுக்கொள்வதே அக்கால வழக்கம். சுஃப்ரென் எதிரி வரிசையின் ஒரு பகுதியின்மேல் தம் வலிமையைக் குவிக்க முயன்றார். அவருடைய கப்பல் தலைவர்கள் பலர் ஒத்துழைக்காததால் அத்திட்டம் முழுமையாகக் கைகூடவில்லை.

பழுதுபார்க்கத் தக்க துறைமுகம் அருகில் இல்லாத நிலையிலும் அவர் மொரீசியசுக்குத் திரும்பவில்லை. கடலூரில் கப்பல்களைச் செப்பனிட்டார். மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியை நேரில் சந்தித்தார். 1782 ஆகஸ்ட் இறுதியில் திருகோணமலையைக் கைப்பற்றினார். 1783 ஜூன் 20 அன்று 15 கப்பல்களுடன் ஹியூஸின் 18 கப்பல்களை எதிர்த்து நின்றார். ஹியூஸ் சென்னைக்கு விலகிச் செல்ல, ஆங்கிலேயரின் முற்றுகைக்குள்ளாகியிருந்த கடலூர் மூச்சுவிட்டது. சமாதானச் செய்தி வந்ததும் போர் முடிந்தது.

இப்பெயரை இலக்கியத்தில் நிறுத்தியவர் ஃப்ரெடெரிக் மிஸ்த்ரால். 1859இல் ப்ரொவான்ஸ் மொழியில் வெளிவந்த அவருடைய ‘மிரேயோ’ காவியத்தின் முதற் காண்டத்தில், முன்னாள் மாலுமியான ஒரு முதிய கூடைமுடைபவர் சுஃப்ரெனைப் பற்றிப் பாடுகிறார். தளபதியின் புகழை அரசவைப் புலவர் பாடவில்லை. அவருக்குக் கீழ்ப் பணிபுரிந்த உழைப்பாளி, தன் தாய்மொழியில் பாடுகிறார். கடற்படையின் வீரர் இங்கே ஊராரின் சொந்தக்காரராகிறார். 1904இல் மிஸ்த்ரால் நோபல் பரிசு பெற்றார்.

கடற்படையும் இப்பெயரைக் கைவிடவில்லை. 1791இல் ‘சுஃப்ரென்’ என்ற பெயரில் நீரில் இறக்கப்பட்ட 74 பீரங்கிக் கப்பல் 1795இல் ‘ரெதுத்தாப்ல்’ எனப் பெயர் மாறியது. 1805இல் ட்ரஃபால்கர் போரில் நெல்சனைச் சாய்த்த குண்டு அக்கப்பலிலிருந்தே வந்தது. 1899இல் ‘சுஃப்ரென்’ என்ற பெயரிலேயே நீரில் இறங்கிய போர்க்கப்பல் 1916 நவம்பர் 26 அன்று போர்த்துகல் கரைக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்தோர் எவரும் உயிர்தப்பவில்லை. 2019இல் செர்பூரில் நீரில் இறங்கிய அணுசக்தி நீர்மூழ்கிக்கும் இதே பெயர்தான்.

அமெரிக்கக் கடற்போர் அறிஞர் ஆல்ஃப்ரெட் மஹான் 1890இல் வெளியிட்ட நூலில் சுஃப்ரெனின் தாக்கும் துணிவை விரிவாக ஆராய்ந்தார். இப்படி அறிஞர் போர்முறையையும், அரசு பெயரையும், மாலுமியின் பாட்டு மனிதரையும் காத்தன. நிலப்பரப்பைக் கணக்கிட்டால் அந்தப் போர்கள் பிரான்சுக்குத் தந்தது சொற்பம்: திருகோணமலை டச்சுக்காரரிடமே திரும்பியது. போரின் பயனையும் வீரரின் புகழையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது என்பதற்குச் சுஃப்ரென் தெளிவான சான்று. அந்தப் புகழ் விளைந்த களம் நம் கடல் என்பதால், சதுரங்கப்பட்டினமும் நாகப்பட்டினமும் கடலூரும் அந்த வரலாற்றில் உரிய இடம் பெற வேண்டும்.