கறுப்புச் சாயமும் ஒளிவிடும் படலமும்

பருத்தி ஆலைகள் மலிந்திருந்த பம்பாயில், சாயமேற்றும் கலையிலும் ரசாயனப் பொறியியலிலும் இளைஞரைப் பயிற்றுவிக்க, பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1933-ஆம் ஆண்டில் ஒரு துறையைத் தோற்றுவித்தது. மாதுங்காவில் இன்று ரசாயனத் தொழில்நுட்பக் கழகம் என்னும் பெயரோடு விளங்குவது அதுவே. 1938-இல் அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியர், சென்னையிற் பிறந்த கிருஷ்ணசாமி வேங்கடராமன். மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் பயின்ற அவர், செயற்கைச் சாயங்களின் ரசாயனம் பற்றி 1952-இல் வெளியிட்ட இரு பெருந்தொகுதிகள் உலகெங்கும் ஆய்வாளரின் மேசைகளை அடைந்தன. மின்சாரத்தால் நிறம் மாறும் பொருள்களின் வரலாறும் இச்சாயங்களிலிருந்தே தொடங்குகிறது.

அவுரி நீலத்தைக் காரத்தோடு காய்ச்சி வடித்ததில் கிடைத்த எண்ணெய்க்கு 1840-இல் அனிலின் என்று பெயரிட்டனர். நம் நாட்டு ‘நீலம்’ என்ற சொல்லே அரபு, போர்த்துக்கேய மொழிகளின் வழியே சென்று அப்பெயருள் மறைந்திருக்கிறது. 1856-இல் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், கொயினா செய்ய முயன்று, அனிலினிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டார். அக்கதையைப் பலரும் அறிவர். 1862-இல் லண்டன் மருத்துவர் லெதபி செய்த சோதனையை அறிந்தோர் சிலரே. அனிலின் ஸல்பேட் கரைசலில் அவர் மின்சாரத்தைச் செலுத்தியபோது, பிளாட்டினத் தகட்டின்மேல் நீலமும் பச்சையுமான படலம் படிந்தது. ஆக்ஸிஜனைக் கவரும் பொருள்களோடு சேர்ந்ததும் அதன் நிறம் வெளுத்தது.

அதன் உட்பொருளை அக்காலத்தார் உணரவில்லை. அதே இனத்துப் பொருளை நூலின்மேலேயே உண்டாக்கி, ‘அனிலின் கறுப்பு’ என்று துணிக்கு ஏற்றினர். அழியாத கறுப்பாதலின் குடைத்துணிக்கு அது பெரிதும் விரும்பப்பட்டது. வெயிலில் வெளுக்குமா, சோப்பில் கரையுமா என்பனவே சாயக்காரரின் கேள்விகள். மின்சாரம் பாயுமா என்று கேட்க அவருக்குக் காரணமில்லை. கேட்டிருக்கக் கூடிய பௌதிக அறிஞருக்கோ சாயப்பட்டறையின் வாசல் தெரியாது. இவ்வாறு ஒரு நூற்றாண்டு கழிந்தது.

1967-இல் ஜப்பானில் ஷிராகாவாவின் ஆய்வகத்தில், ஊக்கிப்பொருளை ஆயிரம் மடங்கு மிகுதியாகச் சேர்த்துவிட்ட பிழையால், வெள்ளிபோல் மின்னும் பாலிஅசிட்டிலீன் படலம் தோன்றியது. 1977-இல் அவரும் மக்டயார்மிட்டும் ஹீகரும் அதற்கு அயோடின் ஆவியை ஊட்டவே, அதன் மின்கடத்தும் திறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. (மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல்: பஸ்ஸில் சீட்டுக் கொடுப்பவர்க்கும் செம்புக் கம்பிக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் வழங்குவது எமக்குப் பழகிய தொல்லை. பிளாஸ்டிக்கும் அப்பெயருக்கு உரிமை கொண்டாடும் என்று எந்த அகராதியும் எதிர்பார்க்கவில்லை.) 2000-இல் மூவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

காரணம் என்னவெனில், இச்சங்கிலிகளில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி அமைகின்றன. சாயங்களுக்கு நிறம் தருவதும் இத்தகைய அமைப்பே. எலெக்ட்ரான்களைச் சிறிது நீக்கினால் சங்கிலி விழுங்கும் ஒளி வேறாகிறது. ஆகவே நிறமும் வேறாகிறது. பாலிஅனிலின் படலத்தை அமிலக் கரைசலில் வைத்து, ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த அழுத்தத்தை ஏற்றி இறக்கினால், வெளிர்மஞ்சள் பச்சையாகும், பச்சை நீலமாகும், திருப்பினால் மீளும். லெதபி கண்டதும் இதன் சாயலே. பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இத்தகைய படலங்களைக் கொண்டு உணர்கருவிகள் செய்யும் ஆராய்ச்சி நிகழ்ந்தது.

நிறம் மாறுவது ஒன்று, தானே ஒளிர்வது வேறொன்று. 1990-இல் கேம்பிரிட்ஜில் பரோஸ், பிரெண்ட், ஹோம்ஸ் முதலியோர், மஞ்சள் பாலிமர்ப் படலம் ஒன்றை இரு மின்வாய்களுக்கு இடையே வைத்தனர். ஒரு புறத்தினின்று எலெக்ட்ரானும், மறுபுறத்தினின்று எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடமும் புகுந்து நடுவிற் சந்திக்க, மஞ்சட்பச்சை ஒளி எழுந்தது. சுமார் 2,000 எலெக்ட்ரான்கள் பாய்ந்தால் ஒரே ஓர் ஒளித்துகள்! அத்தனை சிக்கனமற்ற விளக்கை எவர் வாங்குவர் என்று கேட்கலாம். எனினும் பிற ஆய்வகங்கள் அவ்வழியிற் புகுந்து திறனை உயர்த்தின. இன்று கைப்பேசித் திரைகளில் ஒளிர்பவை பெரும்பாலும் சங்கிலியாக நீளாத சிறு மூலக்கூறுகளே. அச்சிடும் மையைப்போலப் பூசத்தக்க பாலிமர் அங்கு இன்னும் முதலிடம் பெறவில்லை.