ஒரு ஷில்லிங் மதிப்புரை

பதிப்பகத்துக்கு வரும் கையெழுத்துப்படியை முதலில் படித்துக் கருத்துரைப்பவரின் பெயரை இலக்கிய வரலாறு பெரும்பாலும் குறித்து வைப்பதில்லை. ஆயினும் ஆங்கில அதிகற்பனை நாவலின் வரலாற்றை எழுதப் புகுவோர் அத்தகைய வாசகர் இருவரைக் கடந்து செல்ல இயலாது. ஒருவர் பத்து வயதுச் சிறுவர். மற்றவர் தேர்ந்த படிப்பாளி.

1936 அக்டோபரில் லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' கதையைத் தம் மகன் ரேனரிடம் கொடுத்தார். குழந்தை நூலுக்குக் குழந்தையே நீதிபதி என்பது அவர் கொள்கை. நிலப்படங்கள் இருப்பதால் வேறு சித்திரங்கள் வேண்டா. ஐந்து முதல் ஒன்பது வயதினர் விரும்புவர் என்று எழுதித் தந்தார் சிறுவர். பத்து வயதினர் ஒன்பதில் எல்லை கட்டியது இரசிக்கத்தக்கது. கூலி ஒரு ஷில்லிங். 1937 செப்டம்பரில் 1,500 படிகளாக வெளிவந்த நூல் அவ்வாண்டு முடியுமுன் விற்றுத் தீர்ந்தது.

அடுத்த நூலைக் கேட்டபோது, டோல்கீன் இளமை முதல் வளர்த்துவந்த தொன்மக் கதைத் தொகுதியான 'சில்மரில்லியன்' உரைநடையையும், பெரன், லூத்தியன் காதலைப் பாடும் முற்றுப்பெறாத நெடுங்கவிதையையும் கட்டாக ஒப்படைத்தார். அங்கேதான் பிழை நேர்ந்தது. எட்வர்ட் கிராங்ஷா என்னும் மதிப்பீட்டாளரின் கைக்குப் போனவை அக்கவிதையும், அதே கதையைச் சொல்லும் சில உரைநடைப் பக்கங்களும் மட்டுமே. உரைநடையைப் பாராட்டிய அவர் கவிதையை விரும்பவில்லை. அன்வினோ பாராட்டை மட்டும் தெரிவித்து, ஹாபிட்டுகளைப் பற்றி இன்னொரு கதை வேண்டுமென்றார். நூல் முழுவதும் படிக்கப்பட்டு மறுக்கப்பட்டதாகவே ஆசிரியர் எண்ணினார். இகழப்படவில்லையே என்ற ஆறுதலோடு அந்த டிசம்பரில் புதிய கதையைத் தொடங்கினார். அதுவே 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'.

கிராங்ஷா முழுவதையும் படித்து மெச்சியிருந்தால் அந்நாவல் பிறந்திருக்குமா என்பது ஐயமே. கவிதை மீது அவருக்கிருந்த சலிப்புக்கு உலகம் ஒருவகையில் கடன்பட்டிருக்கிறது. கவிஞர்களுக்கு இது உவப்பான செய்தியன்று.

எழுதி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1947இல் மாணவராயிருந்த ரேனர் முதற்பகுதியைப் படித்து, இதை யார் படிப்பார்கள் என்று தெரியவில்லை என ஒளிவின்றி எழுதினார். எனினும் தயக்கத்தை விட்டால் பெரியவர்கள் மகிழ்வர் என்றும் சேர்த்தார். பின்னர் இரு நூல்களையும் ஒருசேர வெளியிட வேண்டுமென டோல்கீன் பிடிவாதம் கொண்டதால் உறவு முறிந்தது. மற்றொரு பதிப்பகமும் கைகொடுக்கவில்லை. 1952இல் இறங்கிவந்து ரேனருக்கே எழுதினார். ஆயிரம் பவுன் நட்டமாகலாம் எனக் கணக்கிட்ட மகன், அப்போது ஜப்பானிலிருந்த தந்தையின் ஒப்புதலைக் கேட்டார். மேதைமை மிக்க படைப்பென்று நம்பினால் அத்தொகையை இழக்கலாம் என்று விடை வந்தது. முன்பணம் கிடையாது, செலவு ஈடானபின் இலாபத்தில் ஆசிரியருக்குப் பாதி என்பது ஒப்பந்தம். 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக நூல் வந்தது. ஆடன் போற்றினார், எட்மண்ட் வில்சன் சிறுபிள்ளைத்தனமென எள்ளினார். கணக்கு மட்டும் ஆசிரியருக்கே சாதகமாயிற்று.

'சில்மரில்லியன்' அவர் மறைந்து நான்காண்டுகளுக்குப் பின் 1977இல் அதே பதிப்பகத்திலிருந்து வந்தது. அந்நெடுங்கவிதையை 1985இல் அச்சேற்றிய மகன் கிறிஸ்டோபரே 1937இன் பிழையை வெளிப்படுத்தினார். டோல்கீனோ 1964இல் எழுதிய கடிதமொன்றிலும், அத்தொன்மக் கதைகளைப் பதிப்பகத்தார் படித்து ஒதுக்கியதாகவே குறிப்பிட்டிருந்தார்.