கடையாணி இல்லாத சக்கரம்

மாட்டு வண்டியில் சக்கரம் கழன்று ஓடாமல் காப்பது கடையாணி. ரயில் சக்கரத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. அங்கே சக்கரமும் அச்சும் சேர்ந்தே சுழலும். இரண்டையும் பிணைப்பது இறுக்கம் ஒன்றுதான். அச்சின் விட்டம் 200 மில்லிமீட்டர் என்றால், சக்கரத்தின் துளையை 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் சிறிதாகக் கடைந்து, பிரஸ்ஸில் பல பத்து டன் அழுத்தம் கொடுத்து ஏற்றுவார்கள். துளை சற்று விரியும், பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அதுதான் பிடி. நம் ஊர்க் கொல்லர் இரும்புப் பட்டையைக் காய்ச்சி மரச்சக்கரத்தில் மாட்டி, தண்ணீர் ஊற்றி இறுக்குவாரே, ஏறக்குறைய அதே கணக்கு.

பிடி இருந்தால் போதுமா? அச்சு முறியக் கூடாதே. அச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதை பிரான்ஸ் 1842 மே 8 அன்று பார்த்தது. வெர்சாயில் மன்னர் லூயி பிலிப்பைச் சிறப்பிக்கும் விழாவைப் பார்த்துவிட்டுக் கூட்டம் பாரீசுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் முன் இன்ஜினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. பயணிகளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது அக்கால வழக்கம். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அவர்களில் ஒருவர் டூமோன் துர்வில். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் பரிச்சயம். தென்துருவக் கடலில் தாம் கண்ட நிலத்துக்கு மனைவி அதேலின் பெயரை வைத்த கடலோடி. 1840-ல் அத்தனை பனியிலும் தப்பியவர், இரண்டே ஆண்டில் மனைவியோடும் மகனோடும் ரயில் பெட்டிக்குள் மடிந்தார். எனக்கு அந்தப் பூட்டின் மேல்தான் கோபம் வருகிறது.

இன்ஜினியர்கள் அச்சைப் பார்த்தார்கள். ஓடி ஓடி இரும்பின் உள்ளமைப்பே மாறிவிடுகிறது என்று அப்போது பலர் நம்பினர். ராங்கின் என்ற இளைஞர் உடைந்த அச்சுகளை ஆராய்ந்து, 1843-ல் அதை மறுத்தார். கனம் சட்டென்று மாறும் மூலையில் விரிசல் தொடங்கி உள்ளே வளர்கிறது, மூலையை வளைவாக்குங்கள் என்றார். பிறகு ஜெர்மனியில் வோலர், ஒருமுறை தாங்கும் பாரமே லட்சக்கணக்கான முறை வந்தால் அச்சை முறிக்கும் என்று சோதித்துக் காட்டினார். இறுக்கி ஏற்றிய சக்கரத்தின் விளிம்பும் அப்படி ஒரு மூலைதான். நுண்ணிய உரசல் வேறு. ஆகவே சக்கரம் உட்காரும் இடத்தில் அச்சைக் கனமாக்கி, அங்கிருந்து வளைவாக இறக்குகிறார்கள்.

பல்சக்கரத்தைத் தண்டில் மாட்டக் காடி வெட்டி கீ செருகுவது வழக்கம். அந்தக் காடியின் மூலையும் விரிசலுக்கு இடம் கொடுக்கும். கார் இன்ஜின்களின் கேம் ஷாஃப்ட் சிலவற்றில் இப்போது வேறு வழி: குழாயில் கேம்களைக் கோத்து, குழாயை உள்ளிருந்து திரவ அழுத்தத்தால் விரிக்கிறார்கள். குழாய் விரிந்தபடியே நின்றுவிடும். கேம் சுருங்கப் பார்த்து அதைக் கவ்விக்கொள்ளும். கீயும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. தண்டு உள்ளே வெறும் குழாய் என்பதால் எடையும் குறைவு.