பாலரினா மெய்நிகர் பொறி

பாலரினா மெய்நிகர் பொறி (பி.வி.எம்.) என்பது இலங்கையில் பிறந்த பாலரினா நிரல்மொழிக்காக எழுதப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட திறந்த மூல மென்பொருள். கொழும்பில் வேரூன்றிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் 2017 பெப்ரவரியில் இம்மொழியை அறிவித்தது. நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சஞ்சீவ வீரவரண திட்டத்தை முன்னெடுத்தார். மொழி வடிவமைப்புக்கு ஜேம்ஸ் கிளார்க் தலைமை தாங்கினார். மூலநிரல் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியானது.

கேவிஎம், சென், வெர்ச்சுவல்பொக்ஸ் ஆகியவை ஒரு கணினிக்குள் இன்னொரு முழுக் கணினியையே நடத்துபவை. பி.வி.எம். அவ்வகை அன்று. ஜாவாவின் பொறியைப் போல ஒரு மொழியின் நிரல்களை மட்டும் ஓட்டுவது. ஹற்றனில் விண்டோஸ் கணினியில் தொகுத்த ஜாவா கோப்பு கொழும்பில் லினக்ஸ் சேவையகத்தில் அப்படியே ஓடுகிறதென்றால், இப்படியொரு பொறி இடையில் நிற்பதே காரணம்.

பி.வி.எம். ஜாவாவில் எழுதப்பட்டிருந்தது, சிக்கலும் அங்கேதான். பயனரின் நிரலைத் தொகுப்பி பாலரினாவுக்கே உரிய பைட்கோடாக, அதாவது பொறி வாசிக்கும் இடைநிலைக் கட்டளைகளாக, மாற்றும். அதை பி.வி.எம். கட்டளை கட்டளையாக வாசித்து நிறைவேற்றும். அந்த பி.வி.எம்.மை ஜாவா பொறி ஓட்டும். அடிக்கடி ஓடும் பகுதிகளை ஓட்டத்தின் நடுவிலேயே இயந்திரக் கட்டளைகளாக்கி வேகம் கூட்டுவது ஜாவா பொறியின் பலம். ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கும் பி.வி.எம்.தான், உள்ளே இருந்த பயனரின் நிரல் தெரியவில்லை.

2019 செப்டெம்பரில் வந்த 1.0 பதிப்பு பி.வி.எம்.மை நீக்கியது. ஜேபாலரினா என்னும் புதிய தொகுப்பி நேரடியாக ஜாவா பைட்கோடையே உருவாக்கியது. சொந்தப் பொறியை விட்டுக்கொடுத்தது பின்வாங்கலாகத் தோன்றலாம். உண்மையில் அது பெரிய மேம்பாடு: பயனரின் நிரலையே ஜாவா பொறி நேரடியாகக் கண்டு வேகப்படுத்த முடிந்தது.

அதற்கும் ஒரு விலை இருந்தது. பாலரினாவில் ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள் ‘ஸ்ட்ராண்ட்’ எனப்படும் இலகுவான இழைகளில் ஓடுகின்றன. வலையமைப்பின் பதிலுக்காகக் காத்திருக்கும் ஆயிரக்கணக்கான ஸ்ட்ராண்டுகளை நிறுத்தி வைப்பதும் மீண்டும் தொடங்குவதும் பி.வி.எம்.மின் கையில் இருந்தன. அன்றைய ஜாவாவிலோ ஒவ்வோர் இழையும் இயங்குதளத்தின் கனமான இழை. ஆகவே, மாறிகளைச் சேமித்துவிட்டு வெளியேறவும் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரவும் வேண்டிய கட்டளைகளைத் தொகுப்பியே நிரலுக்குள் செருகியது. பைட்கோட் பருத்தது. 2023 செப்டெம்பரில் வெளியான ஜாவா 21இன் மெய்நிகர் இழைகள் இந்தச் சுமையை இறக்கின. பாலரினாவின் ஸ்வான் லேக் வரிசையின் 11ஆம் இற்றைப்படுத்தலில் ஸ்ட்ராண்டுகள் அவற்றுக்கு மாறின.

ஸ்வான் லேக் 2022 பெப்ரவரியில் வெளிவந்த தலைமுறை. கிரால்விஎம் என்னும் ஜாவாக் கருவியின் துணையுடன் நிரலை முன்கூட்டியே இயந்திரக் கட்டளைகளாக்கும் வசதி இதில் பின்னர் சேர்ந்தது; நிரல் விரைவாகத் தொடங்கும், நினைவகமும் குறைவாகவே பிடிக்கும். ஜாவாவைச் சாராமல் எல்எல்விஎம் என்னும் தொகுப்பிக் கட்டமைப்பு வழியே செல்லும் என்பாலரினா தொகுப்பி பாலரினாவிலேயே எழுதப்பட்டது. மொழியின் ஒரு பகுதியை மட்டுமே அது கையாளுகிறது.