ஓடுபாதை எழுதிய வரலாறு: பாலாவியும் பறக்கும் படகுகளின் முடிவும்

புத்தளம் களப்பின் பரப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர். மேற்கே கற்பிட்டித் தீபகற்பம் கடலலையை மறித்து நிற்கிறது. வடக்கே மட்டும் வாய் திறந்திருக்கிறது. 1930களில் நீண்டதூர விமானப் பயணத்தின் உச்சத்தில் இருந்தவை நீரில் இறங்கி நீரிலிருந்து எழும் பறக்கும் படகுகள். அவற்றுக்கு வேண்டியது அலையடங்கிய நீண்ட நீர்ப்பரப்பு. வரைபடத்தை மட்டும் பார்த்தால் இலங்கையில் அதற்குப் புத்தளத்தைப் போல் வாய்த்த இடம் குறைவு. ஆனால் இரண்டாம் உலகப் போர் இந்தக் கரைக்கு விமானங்களைக் கொண்டுவந்தபோது, அவற்றுக்காகக் கட்டப்பட்டது தரைத்தளம். களப்பின் தென்கரையில், உப்பளங்களை அண்டிய பாலாவியில் மண்ணைச் சமன் செய்து ஓடுபாதை போட்டார்கள்.

இந்தச் சிறு முரண் ஒரு பெரிய விவாதத்துக்கு இட்டுச் செல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பயணிகளை ஏற்றிய விசித்திர விமானங்கள், அவற்றிலும் குறிப்பாகப் பறக்கும் படகுகள், ஏன் மறைந்தன? வேகம் குறைந்தது வேகம் கூடியதற்கு வழிவிட்டது என்பதே வழக்கமான விடை. அந்த விடை பாதி உண்மைதான். விமானங்களின் தலைவிதியை வானத்தை விடத் தரையே அதிகம் தீர்மானித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குப் புத்தளக் கரை ஒரு நல்ல சாட்சி.

1930களின் நிலையை முதலில் பார்க்க வேண்டும். பிரித்தானியாவின் இம்பீரியல் எயார்வேஸ், ஷோர்ட் நிறுவனம் கட்டிய எம்பயர் வகைப் பறக்கும் படகுகளை 1936இல் சேவையில் இறக்கியது. சவுதாம்டனிலிருந்து சிட்னி வரையான பாதையில் அவை இந்தியாவைக் கடந்த விதம் இன்றைக்கு வேடிக்கையாகத் தோன்றும். கராச்சிக்குப் பிறகு ராஜஸ்தானின் ராஜசமந்த் ஏரி, குவாலியர், அலகாபாத், பின்பு கல்கத்தா. பாலைவனத்தின் விளிம்பில் ஏரி தேடி இறங்கிய விமானங்கள் அவை. பெரிய விமானத்தின் எடையைத் தாங்கும் ஓடுபாதைகள் ஆசியாவில் அரிதாக இருந்தன. நீருக்கோ கொங்கிறீற் தேவையில்லை. இலங்கை அந்தப் பாதையிலிருந்து விலகியே கிடந்தது. 1938இல் டாட்டாவின் தபால் விமானச் சேவை கொழும்பை எட்டியபோது அது சிறிய தரைவிமானத்தில்தான் வந்தது.

போர்தான் இலங்கையைப் பறக்கும் படகுகளின் உலகத்துக்குள் இழுத்தது. அந்தக் கதையின் மையம் புத்தளம் அல்ல, தெற்கே காலிக்கு அருகிலுள்ள கொக்கல. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலவிலிருந்து புறப்பட்ட கட்டலினா வகைப் பறக்கும் படகு ஒன்றில் இருந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது.

அதே கொக்கலவில்தான், பயணிகள் விமான வரலாற்றின் மிக விசித்திரமான சேவைகளுள் ஒன்றின் ஒரு முனை இருந்தது. சிங்கப்பூர் வீழ்ந்தபின் அவுஸ்திரேலியாவுக்கும் இலண்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்துபோயிற்று. அதை ஒட்டவைக்க 1943 நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனம் பேர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து கொக்கலவுக்கு ஐந்து கட்டலினாக்களை இயக்கத் தொடங்கியது. இடையில் எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 6,500 கிலோமீற்றர். 27 முதல் 32 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரை. ஜப்பானியர் கண்காணித்த கடற்பகுதியை இருளில் கடக்கும்படி புறப்படும் நேரம் குறிக்கப்பட்டது. வானொலி ஒலிபரப்புக்குத் தடை. நட்சத்திரம் பார்த்தே வழி அறிந்தார்கள். ஐந்து விமானங்களுக்கும் அல்டேர், வீகா, ரைஜல், அண்டாரிஸ், ஸ்பைக்கா என்று நட்சத்திரப் பெயர்களே சூட்டப்பட்டிருந்தது பொருத்தம்தான். ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைக் காண நேர்ந்ததால் சேவைக்கு 'இரட்டைச் சூரிய உதயம்' என்ற பெயர் நிலைத்தது. பயணிகளுக்கு அதற்கென்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

எத்தனை பயணிகள் என்பதில்தான் விசித்திரம் இருக்கிறது. ஒரு விமானத்தில் அதிகபட்சம் மூன்று பேர்! சுமார் 32 மீற்றர் இறக்கை நீளமும் இரண்டு இயந்திரங்களும் கொண்ட அந்தப் பெரிய உடலின் சுமந்துசெல்லும் திறனில் பெரும்பங்கை எரிபொருளே விழுங்கிவிட்டது. ஏறத்தாழ 9,000 லீட்டர். துப்பாக்கிகளைக் கழற்றினார்கள், பனிநீக்கும் கருவியையும் கழற்றினார்கள். எடை குறைத்து மிச்சம் பிடித்த இடத்தில் மூன்று மனிதர்களும் 69 கிலோ தபாலும். 1945 ஜூலை வரை 271 தடவை கடலைக் கடந்தும் ஒரு விமானத்தைக்கூட இழக்கவில்லை. வணிகக் கணக்கில் பார்த்தால் அது பைத்தியக்காரத்தனம். போர்க்கணக்கில் பார்த்தால், அறுந்த தொடர்பை மீட்க அன்றைக்குக் கைக்கெட்டிய வழி அதுவே.

இந்தச் சேவைக்குப் புத்தளம் களப்பு ஏன் பயன்படவில்லை என்பதை ஓர் எளிய கணக்கே காட்டும். கொக்கலவிலிருந்து புத்தளம் நேர்கோட்டில் ஏறத்தாழ 230 கிலோமீற்றர் வடக்கே. மணிக்கு 200 கிலோமீற்றருக்குச் சற்று மேலான வேகத்தில் பறந்த கட்டலினாவுக்கு அது ஒரு மணி நேரத்துக்கும் அதிகமான கூடுதல் பயணம். மிகநீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் எடுத்த ஒரு சேவையில், எதிர்காற்று வீசும் நாளில், கரை சேர்வதையும் சேராததையும் அந்த ஒரு மணி நேரமே தீர்மானித்திருக்கும். புத்தளம் களப்பு பார்ப்பது மன்னார் வளைகுடாவை. கொக்கல பார்ப்பது இந்துமாக் கடலை. போதாக்குறைக்குப் புத்தளம் களப்பின் பெரும்பகுதி ஓரிரு மீற்றர் ஆழம்தான். மீன்பிடி வலைகளும் வள்ளங்களும் நிறைந்த நீர். பரப்பு மட்டும் இருந்தால் போதாது.

பறக்கும் படகுக்கு நிலம் தேவையில்லை என்ற எண்ணத்தையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். கொக்கலவில் தளம் அமைக்கக் கிராமத்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது; அவருடைய வீடு அழியாமல் தப்பி இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. விமானம் ஏரியில் இறங்கினாலும் பணிமனையும் எரிபொருள் தாங்கியும் குடியிருப்பும் கரையில்தானே வேண்டும்.

பாலாவிக்கு வருவோம். 1942 தாக்குதலுக்குப் பின் இலங்கை முழுவதும் விமானத்தளங்கள் முளைத்தன. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலோ தாக்குதலுக்கு முன்பே ஓடுபாதையாகியிருந்தது. பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு புத்தளத்தில் அமைத்த தளத்துக்கு 'ரஜாலிய' என்று கப்பல் பெயரே இட்டது. தரையில் இருந்தாலும் கடற்படைக்கு எல்லாம் கப்பல்தான். விமானந்தாங்கிக் கப்பல்களுக்கான கோர்செயார் போர்விமானங்கள் இங்கு பயின்றன. சேற்று நிலத்தில் விமானங்களை நகர்த்த யானைகளைப் பயன்படுத்தினார்கள் என்பது பாலாவியைப் பற்றி வெளியுலகம் அறிந்த ஒரே செய்தியாகிவிட்டது. 2,000 குதிரைவலுக் கொண்ட இயந்திரம் பூட்டிய விமானத்தை ஒரு யானை இழுக்கும் காட்சி புகைப்படக்காரர்களைக் கவர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த வேடிக்கைக்குப் பின்னால் இருந்த வேலைதான் வரலாற்றுக்கு முக்கியம்: சதுப்பை வெட்டி, காட்டை அழித்து, எடை தாங்கும் ஒரு பாதையைச் சில மாதங்களில் போட்டுவிடலாம் என்று போர் காட்டிவிட்டது. பாலாவியில் நடந்தது வவுனியாவிலும் மின்னேரியாவிலும் பலாலியிலும் நடந்தது. ஆபிரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் நூற்றுக்கணக்கில் நடந்தது.

பறக்கும் படகின் பிழைப்பு தரையில் ஓடுபாதை இல்லாமையில்தான் இருந்தது. 1945இல் அந்த இல்லாமையே இல்லாமற் போயிற்று.

போர் முடிந்தபோது உலகெங்கும் இரண்டு பொருள்கள் மலிந்து கிடந்தன: வெறுமையான ஓடுபாதைகள், விலை விழுந்த டக்கோட்டா விமானங்கள். எயார் சிலோன் இவை இரண்டின் மேலும் எழுந்த நிறுவனம். 1947 டிசம்பர் 10ஆம் திகதி அதன் முதல் சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. காங்கேசன்துறை என்று கால அட்டவணைகள் சொன்ன இடம் போர்க்காலத்துப் பலாலித் தளமே. இரத்மலானையையும் பலாலியையும் நேர்கோட்டால் இணைத்தால் அக்கோடு புத்தளம் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் போகும். பாலாவி ஓடுபாதையைத் தாண்டிப் பறந்த பயணிகள் விமானத்துக்கு அங்கே இறங்க ஒரு காரணமும் இருக்கவில்லை. கொழும்பு ரயில் 1926இலேயே புத்தளத்தை எட்டிவிட்டது. தூரமும் 130 கிலோமீற்றர் அளவில்தான். பலாலியில் இறங்கிய யாழ்ப்பாணத்துப் பயணியோ ஒரு நாளை மிச்சம் பிடித்தார்.

எனவே வாதத்தை ஒரு படி நுட்பமாக்க வேண்டியிருக்கிறது. எந்த வகை விமானம் பிழைக்கும் என்பதை ஓடுபாதை முடிவுசெய்கிறது. ஓர் ஊருக்குப் பயணிகள் சேவை வருமா என்பதைத் தூரமும் போட்டியான போக்குவரத்தும் முடிவுசெய்கின்றன. பலாலிக்கு இரண்டும் வாய்த்தன. பாலாவிக்கு முதலாவது மட்டும்.

இதற்கு எழக்கூடிய மறுப்பு வலுவானது. பறக்கும் படகின் அடிப்பகுதி படகு வடிவில் இருக்க வேண்டியிருப்பதால் காற்றுத்தடை கூடுகிறது, எடை கூடுகிறது. உப்புநீர் உலோகத்தை அரிக்கிறது. இரவில் இறங்க நீரில் விளக்குப் படகுகள் வேண்டும். ஒரு மிதக்கும் மரக்கட்டை போதும் விபத்துக்கு. அழுத்தமூட்டிய அறையோடு கொன்ஸ்டலேஷன் போன்ற தரைவிமானங்கள் மேகத்துக்கு மேலே பறந்தபோது படகுகளால் எப்படி ஈடுகொடுக்க முடியும்? பிரித்தானியாவின் பிஓஏசி நிறுவனமே 1950 நவம்பரில் பறக்கும் படகுச் சேவையை முடித்துக்கொண்டது.

குறைகள் எல்லாம் உண்மை. ஆனால் அவை 1936இலும் இருந்த குறைகள். அப்போது பொறுத்துக்கொண்டதை 1950இல் ஏன் பொறுக்கவில்லை என்பதுதான் விளக்கப்பட வேண்டியது. சோண்டர்ஸ்-ரோ நிறுவனத்தின் பிரின்சஸ் பறக்கும் படகு 1952 ஆகஸ்டில் எழுந்தது: பத்து இயந்திரங்கள், இரண்டு மாடிகள், 105 பயணிகளுக்கான இடம், அழுத்தமூட்டிய உடல். கட்டிய மூன்றில் ஒன்றே பறந்தது. ஒன்றுகூடச் சேவைக்கு வரவில்லை. இயந்திரக் கோளாறுகளும் அதை வாட்டின, உண்மைதான். ஆனால் வாங்குவார் இல்லாமற் போனதற்கு அது மட்டும் காரணமாகாது. அது பறக்கும் முன்பே அதன் பாதையிலிருந்த துறைகளுக்கு அருகே ஓடுபாதைகள் வந்துவிட்டன.

ஓடுபாதையும் இலவசமாகக் கிடைப்பதல்ல. 1949இல் பறந்த பிரிஸ்டல் பிரபேசன் என்ற எட்டு இயந்திர விமானம் 70 மீற்றர் இறக்கையோடு 100 பயணிகளுக்காகக் கட்டப்பட்டது. அது எழுவதற்காகவே ஃபில்டன் ஓடுபாதையை நீட்டி, சார்ல்டன் என்ற கிராமத்தை இடித்தார்கள். 1953இல் விமானத்தையே உடைத்து விற்றார்கள். கொக்கலக் கிராமத்தின் இழப்பால் 271 கடற்பயணங்களாவது நடந்தன. சார்ல்டனின் இழப்புக்கு ஒரு கட்டணப் பயணிகூட இல்லை.

தரையின் பங்கைத் தனியே பிரித்துக் காட்டும் சான்று அவுஸ்திரேலியாவின் லோர்ட் ஹவ் தீவு. ஜெட் யுகம் வந்து ஆண்டுகள் பல கடந்தும் அங்கே பறக்கும் படகுதான் பயணிகளைக் கொண்டுசென்றது. 1974இல் தீவில் ஓடுபாதை திறந்தது. அந்த ஆண்டே படகுச் சேவை நின்றது. தொழில்நுட்பத்தில் அவ்வாண்டு புதிதாக எதுவும் நிகழவில்லை. இன்னும் அருகில் மாலைதீவு இருக்கிறது. ஹுல்ஹுலே தீவில் 1960இல் ஓடுபாதை தயாராகி, 1962இல் எயார் சிலோனின் விமானம் முதல் வணிகச் சேவையாக அங்கே இறங்கியது. ஆனால் மற்றச் சிறு தீவுகளில் பெரும்பாலானவற்றில் ஓடுபாதைக்கு இடமே இல்லை; அதனால் இன்று உலகின் மிகப்பெரிய நீர்விமானச் சேவை அங்கேதான் ஓடுகிறது, மிதவை பூட்டிய ட்வின் ஓட்டர்களோடு. ஓடுபாதை இல்லாத இடத்தில் நீர்விமானம் சாகவில்லை.

தரைவிமானங்களுக்குள்ளும் இதே விதி வேலை செய்தது. எயார் சிலோன் 1960களில் வாங்கிய அவ்ரோ 748, குட்டையான கரடான பாதைகளில் டக்கோட்டாவின் இடத்தைப் பிடிக்கவென்றே வடிவமைக்கப்பட்டது. பலாலிக்கு அது பொருந்தியது.  1969இல் வந்த ட்ரைடன்ட்டோ வேறு சாதி. வாலில் மூன்று ஜெட் இயந்திரங்கள். மூக்குச் சக்கரம் நடுவில் இல்லாமல் இடப்புறம் தள்ளி, பக்கவாட்டில் மடங்கும். நீண்ட ஓடுபாதை கேட்டது அது. இலங்கையில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு மட்டுமே உரிய விமானம். 

பாலாவித் தளம் இன்று இலங்கை விமானப்படையிடம் இருக்கிறது. அதன் போர்க்கால வரலாற்றை யானைப் புகைப்படத்தோடு நிறுத்திவிடக் கூடாது. அந்த ஓடுபாதையைப் போட்டவர்கள் யார், உப்பளத்துக் கூலி எவ்வளவு, தளத்துக் கூலி எவ்வளவு, எந்த ஊர் நிலம் எடுக்கப்பட்டது, களப்பு மீனவர்களுக்கு என்ன கட்டுப்பாடு வந்தது என்பவை எழுதப்பட வேண்டியவை. புத்தளம், பாலாவி, கற்பிட்டி, முந்தல் பகுதிக் குடும்பங்களில் அக்காலத்து வேலைச் சீட்டோ காணி உறுதியோ புகைப்படமோ இருந்தால், அதைத் தூக்கி எறியாமல் அருகிலுள்ள பாடசாலையின் வரலாற்று ஆசிரியரிடமாவது காட்டுங்கள்.