மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்: ஜப்பானியப் பள்ளிக் கைப்பந்தின் தகுதி முறையும் டாட்ஜ்சன் கணக்கும்

நாக்-அவுட் முறை பள்ளி அணிகளுக்கு அநீதி இழைக்கிறது என்று வாதிடுவோர் பெரும்பாலும் நம்பி நிற்பது 1883இல் வெளிவந்த ஒரு சிறு நூலை. லூயிஸ் கரோல் என்ற புனைபெயரால் உலகம் அறிந்த ஆக்ஸ்ஃபோர்டு கணித அறிஞர் சார்ல்ஸ் டாட்ஜ்சன், புல்தரை டென்னிஸ் போட்டிகளில் பரிசு வழங்கும் முறையைக் கண்டித்து எழுதியது அது. 32 பேர் ஆடும் போட்டியில் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரருக்கே இரண்டாம் பரிசு கிடைக்கும் வாய்ப்பு 31இல் 16 மட்டுமே என்பது அதில் வரும் புகழ்பெற்ற கணக்கு. இதை எடுத்துக்காட்டி, நாக்-அவுட்டைக் கைவிட்டு லீக் முறைக்கு மாற வேண்டும் என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த முடிவுக்கு நூலில் இடமில்லை என்பதே என் வாசிப்பு. டாட்ஜ்சன் கேள்வி கேட்பது நாக்-அவுட்டை நோக்கி அல்ல. எத்தனை இடங்கள் இருக்கின்றன, கடைசி இடம் எந்த வழியில் நிரப்பப்படுகிறது என்பதை நோக்கியே. ஜப்பானின் தேசிய உயர்நிலைப் பள்ளிக் கைப்பந்துப் போட்டியான ஹாரு-கோவை உரைகல்லாக வைத்தால் இது துலங்கும்.

நூலை நெருங்கிப் பார்ப்போம். கணக்கின் அடித்தளம் ஓர் அனுமானம்: எந்த ஆட்டத்திலும் திறமை மிக்கவரே வெல்வார். அப்படியானால் முதல்வர் யார் என்பதில் நாக்-அவுட் ஒருபோதும் தவறாது. தவறு இரண்டாம் இடத்தில்தான் நேர்கிறது. முதல்வர் இருக்கும் அதே பாதியில் இரண்டாமவரின் பெயர் விழுந்துவிட்டால் அவர் இறுதிக்கு வர வழியில்லை. மறுபாதியில் விழுவதற்கு மீதியுள்ள 31 இடங்களில் 16தான் உண்டு. இதற்கு டாட்ஜ்சன் சொன்ன மாற்று என்ன என்பதை மேற்கோள் காட்டுவோர் பலர் கவனிப்பதில்லை. பரிசு மூன்று என்பதால், ஒருவருக்கு மேலானவர்கள் மூவர் என்று உறுதிப்பட்ட பிறகே அவரை வெளியேற்ற வேண்டும் என்கிறார் அவர். தன்னை வென்றவரும், அவரை வென்றவரும் மேலானவர் பட்டியலில் சேர்வார்கள். ஆக, வெளியேற்றுவதை அவர் கைவிடவில்லை. வெளியேற்றும் நேரத்தைத் தள்ளிவைக்கிறார். எல்லாரும் எல்லாரோடும் மோதும் லீக்கை அவர் பெயரால் பரிந்துரைப்பது பொருந்தாது. 32 அணிகளுக்கு அது 496 ஆட்டம், நாக்-அவுட்டுக்கு 31.

ஹாரு-கோவுக்கு ஆண், பெண் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 52 அணிகள் வருகின்றன. 47 மாகாணங்களில் 43இலிருந்து ஓர் அணிதான் போகும். இரண்டாம் இடத்துக்கு அங்கே எந்த உரிமையும் இல்லாததால் டாட்ஜ்சனின் குற்றச்சாட்டு அந்த 43 மாகாணங்களைத் தொடவே இல்லை. ஹொக்கைடோ, கானகாவா, ஒசாகாவுக்கு இரண்டிரண்டு இடங்கள். போட்டியை நடத்தும் டோக்கியோவுக்கு மூன்று. இறுதிக்கு வரும் இரு அணிகளும் தேர்வாகும் ஏற்பாட்டில் 31இல் 16 என்ற கணக்கு முழுமையாகப் பொருந்துகிறது. டோக்கியோவில் நிலைமை வேறு. அங்கே அரையிறுதியில் தோற்ற இரு அணிகளும் மீண்டும் மோதி மூன்றாவது இடத்தைத் தீர்மானிக்கின்றன. 32 அணிகள் கொண்ட அட்டவணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு கால்பகுதியில் எட்டுப் பெயர்கள். சிறந்த அணி அந்த எட்டில் ஒன்று என்றால், இரண்டாவது சிறந்த அணிக்கு ஆபத்தானவை எஞ்சிய ஏழு இடங்கள் மட்டுமே. அடுத்த கால்பகுதியில் விழுந்தால் அரையிறுதியில் தோற்கும். ஆனால் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வென்று உள்ளே வந்துவிடும். வாய்ப்பு 31இல் 16இலிருந்து 24ஆக உயர்கிறது. இதற்கு ஆன செலவு ஒரே ஒரு கூடுதல் ஆட்டம். டோக்கியோவின் ஏற்பாட்டாளர்கள் டாட்ஜ்சனைப் படித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்டதன் பெரும்பகுதியை அந்த ஒற்றை ஆட்டம் தந்துவிடுகிறது என்கிறேன்.

திறமை மிக்க அணியே எப்போதும் வெல்லும் என்பது ஏட்டுச் சுரைக்காய் என்ற மறுப்பு எழும். இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கைப்பந்தின் புள்ளிமுறையே இதற்குப் பெரும்பாலும் விடை சொல்கிறது. ஒவ்வொரு ரேலியும் மற்றதைச் சாராதது என்று எளிமைப்படுத்தி, நூற்றுக்கு 55 ரேலிகளை வெல்லும் அணியைக் கருதுவோம். 25 புள்ளி செட்டை அது வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 76 விழுக்காடு. எல்லாச் செட்டும் 25 புள்ளியாக ஆடும் மூன்று செட் ஆட்டத்தில் 86. தேசிய அரையிறுதி, இறுதியில் வரும் ஐந்து செட் ஆட்டத்தில் 90. ரேலியில் கண்ணுக்குத் தெரியாத சிறு ஏற்றம் ஆட்டம் முடிவதற்குள் பெரும் இடைவெளியாகிவிடுகிறது. ஒரே கோலில் முடிவு மாறும் கால்பந்துக்கு இது அவ்வளவு எளிதில் பொருந்தாது. ‘அ’ ‘ஆ’வை வெல்ல, ‘ஆ’ ‘இ’யை வெல்ல, ‘இ’ ‘அ’வை வெல்லும் சுழற்சி பற்றிய ஆட்சேபம் லீக்குக்கும் அதே அளவு பொருந்தும் என்பதால் இங்கே நிற்க வேண்டியதில்லை.

என் வாதத்துக்கு உண்மையான எல்லை வேறிடத்தில் இருக்கிறது. சிறந்த மூன்று அணிகளும் தவறாமல் தேர்வாக வேண்டுமானால் மூன்றும் வெவ்வேறு கால்பகுதிகளில் விழ வேண்டும். வெறும் சீட்டுக் குலுக்கலில் அதற்கான வாய்ப்பு 155இல் 64, பாதிக்கும் குறைவு. அதைச் சரிசெய்வது சீடிங். முந்தைய போட்டிகளின் முடிவைக் கொண்டு முன்னணி அணிகளைப் பிரித்து வைக்கிறார்கள். ஆனால் கோடையில் ஆடிய அணியும் குளிர்காலத்தில் ஆடும் அணியும் ஒன்றுதானா? ஜப்பானியக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. 2010 வரை மார்ச் மாதம் நடந்த ஹாரு-கோவில், பள்ளி முடித்துக் கிளம்பும் மூன்றாமாண்டு மாணவர்களுக்கு இடமே இல்லை. பெயரில் வசந்தத்தை (‘ஹாரு’) வைத்துக்கொண்டே 2011இல் ஜனவரிக்கு மாறிய பிறகுதான் அவர்கள் ஆட முடிந்தது. அந்த மாற்றத்தை மாணவர் நலன் சார்ந்ததாக மட்டுமே பார்ப்பது குறைவான பார்வை. கோடையில் தரம் காட்டிய அணி அதே ஆட்டக்காரர்களோடு தகுதிச் சுற்றுக்கு வர அது வழிவிட்டது. சீடிங்குக்குப் பொருளும் தந்தது. நுழைவுத் தேர்வுக்காகக் கோடையோடு விலகும் மூன்றாமாண்டினர் உள்ள பள்ளிகளில் மட்டும் அந்தப் பொருள் இன்னும் தளர்வாகவே இருக்கிறது.

ஆகவே சீர்திருத்தம் தேடுவோர் பார்க்க வேண்டியது மாகாணங்களுக்கு இடையிலான பங்கீடு. 70 லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் ஐச்சிக்கு ஓர் இடம். ஏறக்குறைய 50 லட்சம் பேர் வாழும் ஹொக்கைடோவுக்கு இரண்டு. பரப்பும் பயணத் தொலைவும் ஹொக்கைடோவுக்கு ஆதரவான நியாயங்கள் என்பதை ஏற்கிறேன். ஆனால் தகுதிச் சுற்றை நாளையே முழு லீக்காக மாற்றினாலும், ஐச்சியின் இரண்டாவது சிறந்த அணி ஜனவரியில் வீட்டில்தான் இருக்கும்.