செவிலியர் பணிக்கான ஆங்கிலம்

செவிலியர் பணிக்கான ஆங்கிலம் என்பது, வார்டில் நோயாளியிடமும் உறவினரிடமும் மருத்துவரிடமும் சக செவிலியரிடமும் பேசவும், கேட்டதைச் சரிபார்க்கவும், செய்ததைக் குறித்து வைக்கவும் வேண்டிய ஆங்கிலம். இந்தியாவில் செவிலியர் படிப்பு பெரும்பாலும் ஆங்கில வழியில் நடக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தின் முதல் பருவத்திலேயே தகவல்தொடர்பு ஆங்கிலம் ஒரு பாடமாக இடம்பெற்றிருக்கிறது. ஆயினும் பாடநூலைப் படித்துத் தேர்வெழுதும் ஆங்கிலம் வேறு. வலியில் முனகும் முதியவரிடம் பேசும் ஆங்கிலம் வேறு. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றுக்கு வேலைக்குச் செல்வோர் இந்த வேறுபாட்டை முதல் டியூட்டியிலேயே சந்திக்கிறார்கள். இங்கே நேரும் பிழை இலக்கணத்தோடு நிற்பதில்லை. மருந்தளவிலும் சம்மதத்திலும் போய் முடியும். எனவே இந்தப் பயிற்சியை நோயாளிப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

நோயாளியிடம் பேசுதல்

பேச்சு பெயரிலிருந்து தொடங்குகிறது. பிரிட்டிஷ் மருத்துவர் கேட் கிரேஞ்சர், தாமே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது, தம்மைக் கவனித்தவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லாததைக் கண்டு வருந்தினார். 2013-இல் அவர் தொடங்கிய 'ஹலோ, மை நேம் இஸ்' இயக்கம் அந்நாட்டு மருத்துவமனைகளில் பரவலாகப் பின்பற்றப்பட்டது. பெயர், பொறுப்பு, செய்யப்போகும் காரியம், அதற்கு நோயாளியின் சம்மதம் என்ற வரிசை செவிலியருக்கு அனிச்சையாக வர வேண்டும்.

தமிழில் 'கையை நீட்டுங்க' என்றாலே மரியாதை வந்துவிடுகிறது. வினையின் விகுதி அதைச் சுமக்கிறது. ஆங்கில வினைக்கு அப்படி ஒரு விகுதி இல்லை. 'கிவ் மீ யுவர் ஹேண்ட்' என்பது அதட்டலாகக் கேட்கக்கூடும். 'குட் யூ', 'வுட் யூ மைண்ட்' போன்ற தொடக்கங்கள் அதைத் தணிக்கும். 'வுட் யூ மைண்ட்' என்ற கேள்விக்கு நோயாளி 'நோ' என்றால், 'எனக்கு ஆட்சேபம் இல்லை' என்று பொருள். அதை மறுப்பு என்று எண்ணித் திரும்பிவிடக் கூடாது.

இதைவிட ஆபத்தானது எதிர்மறைக் கேள்வி. ஆபரேஷனுக்கு முன் 'எதுவும் சாப்பிடலையே?' என்று கேட்டால் தமிழர் 'ஆமா' என்பார். சாப்பிடவில்லை என்பதே அதன் பொருள். அதே நிலையில் ஆங்கிலேயர் 'நோ' என்பார். கேட்பவர் ஒரு வழக்கிலும் பதில் சொல்பவர் இன்னொரு வழக்கிலும் இருந்தால் வயிறு காலியா இல்லையா என்பதே குழம்பிவிடும். 'வென் டிட் யூ லாஸ்ட் ஈட் ஆர் டிரிங்க்?' என்று கேட்டால் ஆம், இல்லை என்ற பதிலுக்கே இடமில்லை; நேரம்தான் பதிலாக வரும்.

நோயாளிகள் பாடநூல் மொழியில் பேசுவதில்லை. பிரிட்டனில் 'ஐ ஃபீல் சிக்' என்பவருக்குப் பெரும்பாலும் குமட்டுகிறது. உடனே கிண்ணத்தை எடுத்துச் செல்ல வேண்டும். 'வாட்டர்வொர்க்ஸ்' என்று தயங்கிச் சொல்பவர் சிறுநீர்த் தொல்லையைக் குறிக்கிறார். 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்றால் கைகால் மரமரப்பு. நம் வார்டுகளில் புழங்கும் 'லூஸ் மோஷன்', 'வாமிட்டிங் சென்சேஷன்', 'பேஷண்ட் எக்ஸ்பயர்ட்' போன்றவை அங்கே வழக்கில் இல்லை. இறப்பைச் சொல்லும்போது 'டைட்' என்று தெளிவாகவும் மென்மையாகவும் சொன்னால்தான் உறவினருக்குக் குழப்பம் வராது.

பணி ஒப்படைப்பும் மருத்துவரை அழைத்தலும்

ஷிஃப்ட் மாறும்போதும் நடுநிசியில் மருத்துவரைப் போனில் அழைக்கும்போதும் சொல்ல வேண்டியது சிதறிவிடுவது இயல்பு. இதற்கு உலகெங்கும் பயன்படும் கட்டமைப்பு 'எஸ்பார்': நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றிய இம்முறையை, கைசர் பெர்மனென்டே நிறுவனத்தில் மைக்கேல் லியோனார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் மருத்துவத்துக்கு ஏற்றவாறு அமைத்தனர்.

எடுத்துக்காட்டாக, 'ஐ ஆம் காலிங் அபவுட்' என்று தொடங்கி, 12-ஆம் படுக்கை நோயாளிக்கு அரைமணி நேரமாக மூச்சுத் திணறல் என்று நிலைமையைச் சொல்ல வேண்டும். அடுத்தது பின்னணி: வயது 72, நேற்று முன்தினம் இடுப்பு மூட்டு ஆபரேஷன். பிறகு மதிப்பீடு: மூச்சு நிமிடத்துக்கு 28, ஆக்சிஜன் 89 சதவீதம், நாடி 118, நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்குமோ என்ற கவலை. கடைசியாகப் பரிந்துரை: 'ஐ நீட் யூ டு கம் அண்ட் சீ ஹிம் நவ்.' பலர் முதல் மூன்றையும் சொல்லிவிட்டு நான்காவதில் தயங்கி நிற்கிறார்கள். மருத்துவர் வர வேண்டும் என்றால் 'வாருங்கள்' என்ற சொல் வாயிலிருந்து வந்தாக வேண்டும்.

மூத்தவர் சொல்வதில் தவறு தெரியும்போது பேசுவது இன்னும் கடினம். அமெரிக்காவின் டீம்ஸ்டெப்ஸ் பயிற்சித் திட்டம் இதற்கு மூன்று படிகளைக் கற்பிக்கிறது: 'ஐ ஆம் கன்சர்ன்ட்', 'ஐ ஆம் அன்கம்ஃபர்ட்டபிள்', 'திஸ் இஸ் எ சேஃப்டி இஷ்யூ'. முதல் வாக்கியத்துக்குப் பலன் இல்லாதபோது அடுத்தது. அதற்கும் இல்லாதபோது மூன்றாவது. எதிர்த்துப் பேசுவதாக எண்ணிக் கூசுபவருக்கு, முன்கூட்டியே மனனமான வாக்கியம் துணிவைத் தருகிறது.

எண்களும் மருந்துப் பெயர்களும்

போனில் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். அதனால் 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஸீரோ' என்று இலக்கம் இலக்கமாகப் பிரித்துச் சொல்வது பாதுகாப்பு. வாய்மொழி உத்தரவை எழுதி, எழுதியதை மருத்துவருக்குத் திரும்பப் படித்துக் காட்டி, 'சரி' என்று அவர் சொன்ன பிறகே மருந்தை எடுக்க வேண்டும். 'லெட் மீ ரீட் தட் பேக் டு யூ' என்பது இதற்கான வாக்கியம். எழுத்திலும் கட்டுப்பாடு உண்டு: 'யூனிட்ஸ்', 'மைக்ரோகிராம்' ஆகியவற்றைச் சுருக்காமல் முழுதாக எழுத வேண்டும், 0.5 என்பதில் முன்னுள்ள சுழியத்தை விடக்கூடாது. 5 என்பதை 5.0 என்று எழுதக்கூடாது. புள்ளி கண்ணுக்குத் தப்பினால் அளவு பத்து மடங்காகும்.

பெயர்களும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் பாராசிட்டமால், அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். இங்கே சால்பியூட்டமால், அங்கே ஆல்பியூட்டரால். இங்கே அட்ரினலின், அங்கே எபிநெஃப்ரின். நாம் ஓ.டி. என்று சொல்லும் ஆபரேஷன் அறையை பிரிட்டனில் தியேட்டர் என்பார்கள்.

தேர்வுகள்

வெளிநாட்டுப் பதிவுக்கு ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. என்ற இரு தேர்வுகள் பரவலாக ஏற்கப்படுகின்றன. ஓ.இ.டி., 1980-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் டிம் மெக்னமாரா என்ற மொழியியலாளர் மருத்துவத் துறையினருக்கென உருவாக்கிய தேர்வு; இன்று 12 துறைகளுக்கு நடத்தப்படுகிறது. அதன் பேச்சுப் பிரிவில், தேர்வு நடத்துபவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிக்க, செவிலியர் உரையாட வேண்டும். எழுத்துப் பிரிவில் கேஸ் குறிப்புகளிலிருந்து வேண்டியதை மட்டும் தேர்ந்து, பெரும்பாலும் ரெஃபரல் கடிதமோ, டிஸ்சார்ஜ் அல்லது மாற்றல் கடிதமோ எழுத வேண்டும். பிரிட்டனின் நர்சிங் அண்ட் மிட்வைஃப்ரி கவுன்சில் 2017 முதல் இதை ஏற்கிறது.

கற்கும் முறை

இலக்கண நூலிலிருந்து தொடங்குவதைவிட, ஒரு டியூட்டியில் நடப்பவற்றிலிருந்து தொடங்குவது பயன் தரும்: அட்மிஷன், வலி விசாரணை, மருந்து கொடுத்தல், ஊசிக்கு முன் விளக்கம், உறவினருக்குப் பதில், ஒப்படைப்பு. ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வாக்கியங்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகி, தோழி ஒருவரை நோயாளியாக வைத்து ஒத்திகை பார்க்கலாம். தம் குரலைப் பதிவு செய்து கேட்பது வேகத்தைக் குறைக்க உதவும். ஸ்காட்லாந்து, அயர்லாந்து உச்சரிப்புகளைக் கேட்டுப் பழகுவது, தம் உச்சரிப்பை மாற்றிக்கொள்ள முயல்வதைவிட முக்கியம். நோயாளி தம் பேச்சை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பழக வேண்டியது, புரியாதபோது புரியவில்லை என்று சொல்வது. 'குட் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்?' என்று கேட்பவர் மொழி தெரியாதவர் அல்லர், பொறுப்பு தெரிந்தவர். தலையை ஆட்டிவிட்டு ஊகத்தில் மருந்து கொடுப்பதே குற்றம். மறுபடி கேட்பவருக்குச் சலிக்காமல், திட்டாமல் பதில் சொல்வது மூத்த செவிலியர், மருத்துவர் ஆகியோரின் கடமை. கேள்வி கேட்க அஞ்சும் வார்டில் எவ்வளவு நல்ல ஆங்கிலமும் நோயாளியைக் காப்பாற்றாது.